ஆறடித் தொட்டிக்கு ஒரு விளக்கு

தனகோடிக்கு அன்று காலையிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இட்லிக் குண்டானை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். வாசலில் நின்றுகொண்டு, அடுப்பில் என்ன வைத்தோம் என்று யோசித்தாள்.

காரணம் இரண்டு. ஒன்று கூடத்தில் நின்றது. இன்னொன்று குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தது.

கூடத்தில் நின்றது மீன் தொட்டி. ஆறடி நீளம், இரண்டடி உயரம். ஆம்பூரில் அவள் புருஷன் பரந்தாமன் வேலை பார்க்கும் தோல் கம்பெனியின் வரவேற்பறையில் வருஷக்கணக்காக இருந்தது. இடத்தைப் புதுசு பண்ணும்போது முதலாளி அஹமது பாஷா, வேணுமா பரந்தாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தார். இந்த மனுஷன் உடனே தலையை ஆட்டிவிட்டார். எட்டு ஆள் தூக்கி வந்து இறக்கினார்கள். சோபா படுக்கையறைக்குப் போயிற்று, தையல் மிஷின் சமையலறைக்கு வந்தது. இத்தனைக்கும் தொட்டியோடு வந்த பழைய விளக்கு துருப்பிடித்து, போட்ட அன்றைக்கே புஸ்ஸென்று அணைந்துவிட்டது.

வெளிச்சமில்லாமல் உள்ளே செடியெல்லாம் அழுக ஆரம்பித்தது. அதைவிடப் பெரிய தொல்லை, தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது என்று பரந்தாமன் ஒரே வாரத்தில் மூன்று தரம் மாற்றினார். வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற குழாய்த் தண்ணீரை மீனுக்கு ஊற்றினால் எந்தப் பொம்பளைக்குத்தான் வயிறு எரியாது? பார்த்தால் தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருந்தது. சொன்னால் கேட்டால்தானே.

குளியலறையில் இருந்தது மகள் ஸ்வேதா. தோல் படிப்பு படித்துவிட்டு, அப்பா வேலை பார்க்கும் அதே கம்பெனியில் லேபில் சேர்ந்து எட்டு மாசம். ஆறு மணிக்கு விடுகிற வேலைக்கு இரண்டு மாசமாக எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறாள். கேட்டால் வேலை என்கிறாள். கூட வேலை செய்கிற பெண்களெல்லாம் ஆறரைக்கே தெருவில் பூ வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

யாரோ ஒரு பையன் இருக்கிறான் என்று தனகோடி முடிவே கட்டிவிட்டாள். புதன்கிழமை ராத்திரி மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்து, நாளையிலிருந்து ஆறுக்கு மேல் ஒரு நிமிஷம் அங்கே இருக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். பெண் அழுதது. ஆனால் சொன்னபடி வியாழக்கிழமை சரியாக ஆறேகாலுக்கு வீட்டில் இருந்தது. வந்ததிலிருந்து ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை அதற்கு. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கத் தனகோடிக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை, வேறு ஏதோ பயம்தான் வந்தது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, கம்பெனி லீவு. மூன்று பேருமாக வேலூருக்குப் பஸ் ஏறினார்கள், தொட்டிக்கு விளக்கு வாங்க.

பரந்தாமன் பஸ்ஸிலும் சும்மா வரவில்லை. சட்டைப் பையிலிருந்த, நிறத்துக்கொரு தோல் துண்டு கோத்த சாம்பிள் வளையத்தை எடுத்துத் தோல் துண்டுகளைத் தள்ளிக்கொண்டே வந்தார். அது அவருக்குத் தாலி மாதிரி, குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார் என்று தனகோடி கேலி செய்வதுண்டு. கம்பெனியில் அவர் செலக்டர். தயாரான தோலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் விரித்து, இது இந்த நிறம், அது அந்த நிறம் என்று பிரித்து அடுக்குகிற வேலை. ஐம்பத்தெட்டில் ரிட்டயர் ஆகியிருக்க வேண்டியவரை, அந்தக் கண்ணுக்காகவே பாஷா வருஷா வருஷம் நீட்டித்து வைத்திருக்கிறார். இப்போது அறுபத்தொன்று. லோடு ஏற்றி லாரிக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் பாஷா போன் செய்வார். இவர் எங்கிருந்தாலும், போடுங்க பாய் என்பார். அதைக் கேட்காமல், அவர் செலக்டராக இருக்கும் பத்தொன்பது வருஷத்தில் ஒரு லாரியும் கிளம்பியதில்லை.

கடைக்காரர் ரிஹான் சின்ன வயசு, நியாயமான ஆள். முதலில் வெளிநாட்டு விளக்கைக் காட்டினார். இருபத்து நாலாயிரம் என்றதும் தனகோடி அதைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். அடுத்தது ஒன்பதாயிரம். வீட்டில் பேசி வைத்திருந்தது நாலாயிரம். ரிஹானுக்கு முகத்தைப் பார்த்தே புரிந்திருக்க வேண்டும். தன் கடையிலிருந்த பெரிய தொட்டியைக் காட்டினார். மேலே சங்கிலியில் தொங்கியது சாதாரண ஃப்ளட் லைட், கல்யாண வீட்டு வாசலில் கட்டுகிற அதே சாமான். கீழே செடி காடாக வளர்ந்திருந்தது.

“இதான் அங்கிள் நான் போட்டிருக்கறது. ஐம்பது வாட்ஸ்ல ரெண்டு. டேலைட்னு கேட்டு வாங்கணும், மஞ்சள் வேணாம், நீலமும் வேணாம். தண்ணிக்கு மேல ரெண்டடி தள்ளிக் கட்டுங்க. ஒரு டைமர் போட்டு ஏழு மணி நேரம் எரிஞ்சா போதும், ஜாஸ்தி எரிஞ்சா பாசி புடிச்சிடும். எல்லாம் சேத்து மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்.”

தனகோடிக்குக் கடைக்காரரைக் கும்பிடலாம் போலிருந்தது. அத்தோடு வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

பரந்தாமன் வளையத்தை எடுத்தார். உலகத்தில் மீன் தொட்டிக்கு விளக்கு வாங்கப் போய்த் தோலைக் காட்டி சோதிக்கிற ஆள் ஆம்பூரில்தான் இருக்க முடியும். சுத்த வெள்ளை ஒன்று, ஐவரி என்கிற லேசான மஞ்சள் கலந்த வெள்ளை ஒன்று என்று இரண்டு துண்டைப் பிரித்து ஃப்ளட் லைட்டுக்கு அடியில் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார். ஒன்பதாயிரம் விளக்குக்கு அடியில் பிடித்தார். அதற்கும் பிதுக்கினார். கடை மூலையில் கழித்துப் போட்டிருந்த ஒரு நீள விளக்கைப் போடச் சொன்னார்.

அது கடல் மீனுக்குப் போடுகிற விளக்கு. போட்டதும் மூலை முழுக்க நீலம் பரவிற்று. பவளம் வளர்க்கிறவர்கள் வாங்குவது, இந்த ஊரில் யாரும் வாங்கவில்லை, அதனால் பாதி விலைக்குக் கிடக்கிறது என்று ரிஹான் சொன்னார். பரந்தாமன் துண்டுகளை அதற்கடியில் பிடித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“இதான் சுத்தமான வெள்ளை. மத்த லைட்ல வெள்ளையும் ஐவரியும் ஒண்ணாத் தெரியுது. இதுலதான் ரெண்டும் பிரியுது பாரு.”

ரிஹான் துண்டுகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “எல்லா லைட்லயும் பிரிஞ்சுதான் தெரியுது அங்கிள்.”

“உனக்கு மீன் தெரியும் தம்பி. நிறம் எனக்குத் தெரியும்.”

ஸ்வேதா மெதுவாக, அப்பா இது நீலம்பா என்றாள். எட்டு மாச சர்வீஸ் முப்பது வருஷ சர்வீசுக்குப் பாடம் எடுக்குதா என்று அவர் சிரித்துக்கொண்டே அடக்கிவிட்டார். எதற்கெடுத்தாலும் அப்பாவோடு மல்லுக்கு நிற்கிற பெண் அதற்குமேல் பேசவில்லை. அவள் விளக்கைப் பார்க்கவில்லை, அப்பாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தனகோடி கவனித்தாள்.

இரண்டாயிரத்து எண்ணூறு கொடுத்து நீல விளக்கை வாங்கியாயிற்று. ரிஹானுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஃப்ளட் லைட்டையும் கையில் கொடுத்து, வீட்டில் இரண்டையும் போட்டுப் பாருங்கள், வேண்டாததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

மூன்று மணிக்கு வீட்டில் விளக்கு ஏறிற்று. கூடமே நீலமாயிற்று. மீனெல்லாம் வெளுத்துப் போய் ஓரமாக ஒதுங்கின. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு பாக்யலட்சுமி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு மனசில் ஒன்று வாயில் ஒன்று கிடையாது.

“இன்னாக்கா இது, மஞ்சக்காமாலை வந்த கொழந்தைய ஆஸ்பத்திரில படுக்க வெப்பாங்களே, அந்த லைட்டாட்டம் இருக்குது. அண்ணன் சட்டைதான் நீலம்னு பாத்தா வீடும் நீலமாக்கிட்டாரா?”

சொல்லிவிட்டு அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். தனகோடி அங்கேயே நின்றாள்.

சட்டை. இந்தத் தீபாவளிக்கு எடுத்த நாலு வெள்ளைச் சட்டை. துவைத்துப் போட்டால் மஞ்சளாக இருக்கிறது என்று இவர் முணுமுணுப்பார். ஒரு சொட்டு நீலம் இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. போன வாரம் மூடி நிறைய ஊற்றினாள். இன்னும் மஞ்சள்தான் என்றார். தெருவே அவர் சட்டையை நீலம் என்கிறது. தண்ணீர் மஞ்சள், சட்டை மஞ்சள், நல்ல விளக்கெல்லாம் மட்டம், நீலம் மட்டும் வெள்ளை. அப்படியானால் மஞ்சள் இருப்பது தண்ணீரில் இல்லை, சட்டையிலும் இல்லை.

மகளைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கதவை ஒருக்களித்தாள்.

“அப்பா கண்ணுல இன்னாடி?”

ஸ்வேதா தையல் மிஷின்மேல் சாய்ந்துகொண்டாள். “புரைம்மா. கண்ணுக்குள்ள மஞ்சளா மூடிக்கும், பாக்கறதெல்லாம் மஞ்சளாத் தெரியும். நான் டாக்டர் இல்ல, ஆனா அதாத்தான் இருக்கணும். ஆபரேஷன் பண்ணா சரியாப் போய்டும்.”

“உனக்கு எப்போ தெரியும்?”

“ரெண்டு மாசமா.”

ரெண்டு மாசம் என்ற சொல் தனகோடியின் காதில் விழுந்து, உள்ளே போய், எதிலோ இடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் மகள் சொன்னதெல்லாம் அவளுக்குப் பாதி கேட்டும் பாதி கேட்காமலும்தான். ஒருநாள் லேபில் நிறம் பார்க்கிற விளக்குப் பெட்டியில் அப்பா பிரித்த தோலை வைத்துப் பார்த்தாளாம். வெள்ளை அடுக்கில் ஏழு ஐவரி. மறுநாள் ஒன்பது. யாரிடம் சொல்வது? இவர் கண் போயிற்று என்று தெரிந்தால் பாஷா மறுநாளே வேறு ஆள் போடுவார். அப்பாவிடம் சொன்னாலோ மனுஷன் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். அதனால் தினமும் அப்பா கிளம்பிய பிறகு, ஆறு மணியிலிருந்து ஒற்றையாக அந்த அடுக்கையெல்லாம் கலைத்துப் பார்த்து, தப்பானதை எடுத்துச் சரியான அடுக்கில் வைத்துவிட்டு எட்டு மணிக்கு வீடு வந்திருக்கிறது இந்தப் பெண்.

பையனாம் பையன். தனகோடிக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. மகளின் தலையைத் தடவப் போன கை பாதியில் நின்றது.

“நேத்து ஆறேகாலுக்கு வந்துட்டியே.”

“நீ சத்தியம் வாங்கினியேம்மா.”

“நேத்து அப்பா பிரிச்சது?”

“இத்தாலிக்குப் போற லாட். பூரா வெள்ளையும் ஐவரியும்தான். இன்னைக்கி லீவுன்னாலும் ஜும்மா தொழுகை முடிஞ்சு லோடு மட்டும் ஏத்தறாங்க. அஞ்சு மணிக்கு லாரி ஹார்பருக்குப் போய்டும்.”

கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது. தான் செய்த காரியம் என்ன என்று தனகோடிக்கு அப்போதுதான் முழுசாக விளங்கிற்று. இரண்டு மாசமாக மகள் கட்டிக் காத்த அப்பன் பேரை, தன் தலைமேல் கை வைக்கச் சொல்லித் தானே கெடுத்திருக்கிறாள். லாரி போய்விட்டால் இத்தாலியிலிருந்து அத்தனை தோலும் திரும்பி வரும். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் பரந்தாமன் பெயர் நாறிப்போகும். லாரியை நிறுத்தினாலும் அவர் வேலை இன்றோடு சரி.

ஸ்வேதா தானே போய், லேபில் தப்பு செய்தது நான் என்று பாஷாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். ஒருத்தர் பழியை ஒருத்தர் சுமந்தது போதும் என்று தனகோடி அதட்டினாள். அதட்டினாளே தவிர, வேறு வழி எதுவும் அவளுக்கும் தோன்றவில்லை.

கூடத்தில் டக், டக் என்று சுவிட்ச் சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று மறுபடி டக், டக்.

எட்டிப் பார்த்தாள். பரந்தாமன் ஃப்ளட் லைட்டையும் தொட்டிமேல் கட்டியிருந்தார். நீலத்தை அணைப்பதும் ஃப்ளட்டைப் போடுவதும், அதை அணைத்து இதைப் போடுவதுமாக நின்றார். ஒவ்வொரு தரமும் இரண்டு துண்டையும் பார்த்தார். பிறகு இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்த்தார். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கை மெல்ல இறங்கியது.

“கோடி, இங்க வா.”

போனாள். ஃப்ளட் லைட் எரிந்துகொண்டிருந்தது. துண்டுகளைக் கைக்கொன்றாகப் பிரித்துப் பிடித்திருந்தார்.

“இதுல எது வெள்ளை?”

அவள் வாயில் பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. எனக்கென்ன தெரியும் தோலைப் பற்றி என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். முப்பது வருஷக் குடித்தனத்தில் எத்தனையோ சமயம் அப்படிப் போயிருக்கிறாள்.

“வலது கைல இருக்கறது வெள்ளை. இன்னொண்ணு பால்ல மஞ்சப்பொடி விழுந்தாப்ல இருக்குது.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணு,” என்றார் அவர். குரலில் சண்டை இல்லை. “வடக்கு ஜன்னல்லயும் கொஞ்ச நாளா அப்படித்தான். கண்ணாடிதான் அழுக்குன்னு ஆளை வெச்சு மூணு தரம் துடைக்கச் சொன்னேன்.”

தனகோடிக்கு அழ நேரமில்லை. நேற்றைய லாட்டைச் சொன்னாள். அதில் தப்பு இருக்கும் என்று மட்டும் சொன்னாள், மகள் செய்ததைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது மகள்தான் என்று அவளுக்குத் தோன்றிற்று. பரந்தாமன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மேஜைமேல் போன் அடித்தது. பாஷா.

முழுதாக ஏழு தரம் அடிக்கவிட்டு எடுத்தார். பழக்கம் போல ஸ்பீக்கரில் போட்டார்.

“பரந்தாமா, எல்லாம் ஏத்தியாச்சு. சொல்லு.”

தனகோடி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போடுங்க பாய் என்றால் இன்றைக்கு ராத்திரி நிம்மதி. ஒரு மாசம் கழித்து அவமானம். சொல்லிவிடாதீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள் என்றும் அவள் மனசு ஒரே சமயத்தில் கத்தியது.

“நிறுத்துங்க பாய்.”

“இன்னாது?”

“லாரிய நிறுத்துங்க. நேத்து லாட்ல வெள்ளையும் ஐவரியும் கலந்திருக்கும். ஆளுங்க மேல தப்பில்ல. என் கண்ணு மேலதான்.”

மறுமுனையில் பாஷா யாரிடமோ கதவைத் திறக்கச் சொல்லும் சத்தம் கேட்டது. கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் குரல் தாழ்ந்துதான் வந்தது.

“சரி, லாரி நிக்கும். நீ உடனே கெளம்பி வா. உன் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா.”

“அது எதுக்கு பாய்?”

“நேத்து ஏதோ தேடப்போயி ரெண்டு மாச காமிரா பதிவு பாத்தேன். தினம் நீ போன பின்னாடி, அந்தப் பொண்ணு தனியா உக்காந்து நீ அடுக்கினதைக் கலைக்குது. இன்னா பண்ணுதுன்னு நீயே என் எதிர்ல கேளு.”

போன் அணைந்தது.

பரந்தாமன் திரும்பினார். சமையலறை வாசலில் ஸ்வேதா நின்றாள். ஆறு மணி, எட்டு மணி, புதன்கிழமை அழுகை எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்குவது தனகோடிக்கு அவர் முகத்திலேயே தெரிந்தது. இந்தத் தரம் அவர் தப்பாக அடுக்கவில்லை.

“செருப்பப் போட்டுக்க கண்ணு,” என்றார் மகளிடம். நீல விளக்கின் சுவிட்சை அணைத்தார். ஃப்ளட் லைட் வெளிச்சத்தில் மீன்கள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நடுவுக்கு வந்தன.

பிறகு, பீரோ பக்கம் போகாமல், தனகோடியைப் பார்த்தார்.

“ஒரு சட்டை எடுத்துக் குடு கோடி. நீலம் கம்மியா இருக்கறதா, நீயே பாத்து எடு.”